சொன்ன தேதியில் வரும் பணம்

'கடன் அன்பை முறிக்கும்' என்ற வாசகம் இல்லாத மளிகைக் கடையைத் தமிழ்நாட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த வாசகத்துக்குக் கீழே அடுக்கியிருக்கும் துவரம்பருப்பிலும் சமையல் எண்ணெயிலும் சோப்புக் கட்டிகளிலும் கணிசமான பகுதி கடனில் வந்ததாக இருக்கும். கடைக்காரர் இரட்டை வேடம் போடுகிறார் என்று பொருள் இல்லை. தெருவாசிக்குக் கொடுக்கும் கடனுக்குத் தேதி கிடையாது. மண்டியில் வாங்கும் கடனுக்குத் தேதி உண்டு. மொத்த வியாபாரியோடு உறவை நீடிக்க வைப்பது எப்படி என்று பேச்சு வந்தால், இனிமையாகப் பழகுங்கள், வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மொய் வையுங்கள், விலையில் மட்டும் கறாராக இருங்கள் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எதுவும் தவறில்லை. ஆனால் அந்த உறவைத் தாங்கி நிற்பது சொன்ன தேதியில் பணம் போய்ச் சேர்வதுதான். நியாயமான விலை, ஏமாற்றாத தரம், தட்டுப்பாட்டு நாளில் முதல் மூட்டை என்று கடைக்காரர் எதிர்பார்க்கிற மற்றவை எல்லாம் அதன் பின்னால் வருபவை.

முதலில், ஒரு சில்லறைக் கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் உண்மையில் எதை வாங்குகிறார் என்று பார்க்க வேண்டும். விருதுநகரில் பருப்பும் வத்தலும் எண்ணெயும், ஈரோட்டில் மஞ்சள், ஒட்டன்சத்திரத்தில் காய்கறி, சென்னை கோடவுன் தெருவில் துணி என்று ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு சந்தை உண்டு. இந்தச் சந்தைகளில் விலை வெளிப்படையாகத் தெரியும். தரம் அப்படித் தெரியாது. துவரம்பருப்பு என்று பில்லில் ஒரே பெயரில்தான் எழுதுவார்கள். அது போன வருஷத்துச் சரக்கா, ஈரம் எவ்வளவு, உடைசல் எவ்வளவு, வேறு ரகம் கலந்திருக்கிறதா என்பதெல்லாம் விற்பவருக்குத்தான் முழுதாகத் தெரியும். மேலாக ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்து மூட்டையின் அடி வரை கண்டுபிடிக்க முடியாது. மானிடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் மொராக்கோவின் செஃப்ரூ நகரச் சந்தையை ஆராய்ந்து 1978இல் எழுதிய கட்டுரையின் மையமே இதுதான். சந்தையில் பொருளைவிட அரிது தகவல். அதைத் தேடும் செலவைக் குறைக்கத்தான் வாங்குபவர்கள் திரும்பத் திரும்ப ஒரே கடைக்குப் போகிறார்கள் என்றார் அவர். பிரான்சின் மார்செய் நகர மொத்த மீன் சந்தையின் விற்பனைக் கணக்குகளை ஆராய்ந்த ஆலன் கிர்மன் குழுவினரும் இதை ஒத்த ஒன்றைக் கண்டார்கள். விலைப் பலகையே இல்லாத அந்தச் சந்தையில் சிலர் தினம் ஒரு கடையாக அலைந்து வாங்கினார்கள். ஆனால் அடிக்கடி, அதிகமாக வாங்குபவர்களில் பலர் ஒரே வியாபாரியை விடாமல் பிடித்திருந்தார்கள். அதிகம் வாங்குபவருக்குத்தான் அலைந்து விலை கேட்டால் அதிக லாபம் என்று நாம் நினைப்போம். நடைமுறை வேறாக இருந்தது.

இனி கடனுக்கு வருவோம். ஒரு கடை வாரம் ஒரு லட்சம் ரூபாய்க்குச் சரக்கு எடுக்கிறது, 21 நாள் தவணை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நாளில் பார்த்தாலும் மொத்த வியாபாரியின் பணம் மூன்று லட்சம் அந்தக் கடையில் சரக்காக நிற்கும். அதே மூன்று லட்சத்தை வெளியில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டிக்கு வாங்கினால் மாதம் 6,000 ரூபாய் போகும். மாதக் கொள்முதல் சுமார் 4,30,000 என்பதால், இது சரக்கு விலையில் கிட்டத்தட்ட நூற்றுக்கு 1.40 ரூபாய். அதாவது, 'ரொக்கம் கொடுத்தால் நூற்றுக்கு ஒரு ரூபாய் குறைத்துத் தருகிறேன்' என்று இன்னொருவர் அழைத்தால், கடன் வாங்கித் தொழில் செய்பவர் அங்கே போவது நஷ்டம். வங்கியில் சொந்தப் பணம் சும்மா கிடப்பவருக்குக் கணக்கு தலைகீழ். அவர் ரொக்கத்துக்கே போகலாம். இதில் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. ஆனால் ரேட்டை மட்டும் ஒப்பிட்டுவிட்டு, தவணையை ஒப்பிடாமல் கடை மாறுவது தப்புக் கணக்கு. தவணை கிடைக்காதவர் போய் நிற்கும் இடம் எது என்பதையும் சொல்ல வேண்டும். 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டம் தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லித் தடை செய்திருக்கிறது. இத்தனை பெயர்கள் தேவைப்பட்டதே நம் சிறு வியாபாரிகளின் பணத்தேவை எவ்வளவு அவசரமானது என்பதற்குச் சாட்சி.

இதே கணக்கை மண்டிக்காரர் பக்கமிருந்து போட்டுப் பார்த்தால்தான் தேதியின் அருமை புரியும். 21 நாள் என்று சொன்னவர் 35 நாளில் கொடுக்கிறார். சண்டை இல்லை, மோசடி இல்லை, பணம் வந்துவிட்டது. ஆனால் இடைப்பட்ட இரண்டு வாரத்துக்கு மேலும் இரண்டு லட்சம் முடங்கியது. அதே வட்டியில் மாதம் 4,000 ரூபாய். மளிகை மொத்த வியாபாரத்தில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் நிற்கிறது என்று கொண்டால், இந்தக் கடையால் அவருக்கு மாதம் கிடைப்பது 8,600 ரூபாய். அதில் கிட்டத்தட்ட பாதியைத் தாமதம் தின்றுவிட்டது. கேட்காமல் எடுத்துக்கொண்ட தள்ளுபடி இது. மண்டிக்காரர் இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். வேறு வழியில் திருப்பி எடுத்துக்கொள்வார். மூட்டைக்கு இருபது ரூபாய் ஏறும், அல்லது முதல் தரத்துக்குப் பதில் அடுத்த தரம் ஏறும், அல்லது 'ஸ்டாக் இல்லையே' என்ற பதில் வரும். மொத்த வியாபாரி தனக்கு மட்டும் விலை ஏற்றிச் சொல்கிறார் என்று குறைபடும் கடைக்காரர், முதலில் தன் பக்கத்துப் பேரேட்டில் பணம் போன தேதிகளைப் பார்ப்பது நல்லது.

சாதாரண நாட்களில் இந்த வேறுபாடு சில்லறை ரூபாய்களில் மறைந்துவிடும். தட்டுப்பாட்டில் பளிச்சென்று தெரியும். 2019 செப்டம்பர் இறுதியில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை வந்தது. டிசம்பரில் சில்லறை விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. எகிப்திலிருந்தும் துருக்கியிலிருந்தும் வெங்காயம் இறக்குமதியானது. வியாபாரிகள் வைத்திருக்கக்கூடிய இருப்புக்கும் மத்திய அரசு உச்சவரம்பு போட்டு, அதையும் படிப்படியாகக் குறைத்தது. 2023 ஜூலையில் தக்காளி இதே ஆட்டத்தை ஆடியது. இம்மாதிரி நேரத்தில் பணம் இருந்தால் மட்டும் போதாது. வந்த லோடு யார் கடைக்குப் போகிறது என்பதை மண்டிக்காரர் தீர்மானிக்கிறார். பேரேட்டைப் புரட்டித்தான் தீர்மானிக்கிறார் என்று சொல்வது மிகையாகாது. 2016 நவம்பர் 8 இரவு புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் ஏறக்குறைய 86 சதவீதம் செல்லாமல் போனபோது, ரொக்கத்தை மட்டும் நம்பியிருந்தவர்களால் கொள்முதல் செய்ய முடியவில்லை. பெயரைச் சொல்லிச் சரக்கு எடுக்க முடிந்தவர்களுக்கு அந்த வாரங்கள் ஓரளவு எளிதாகக் கழிந்தன. 2020 மே மாதம் கொரோனா பரவலால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டுத் திருமழிசையில் தற்காலிகச் சந்தை திறந்தபோது கடைகளின் இடம், நேரம், வழி எல்லாம் மாறின. மாறாமல் கையில் இருந்தது தொலைபேசி எண்ணும் பழைய வரவு செலவும்தான்.

'எல்லாவற்றுக்கும் பில் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, உறவு எதற்கு?' என்று கேட்கலாம். காசோலை திரும்பினால் மாற்று முறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு இருப்பது உண்மை. ஆனால் வழக்கு முடியும் வரை சரக்கு காத்திருக்காது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தொழில் நிறுவனங்களை ஆராய்ந்து ஸ்டூவர்ட் மெக்காலே 1963இல் எழுதிய கட்டுரை இன்றும் சட்டக் கல்லூரிகளில் பேசப்படுகிறது. நீதிமன்றமும் வக்கீலும் வலுவாக இருக்கும் அந்த நாட்டிலேயே வியாபாரிகள் ஒப்பந்தத்தை எடுத்து நீட்டுவதைத் தவிர்த்தார்கள். தகராறுகளைத் தொலைபேசியிலேயே தீர்த்துக்கொண்டார்கள் என்று அவர் காட்டினார். நம் நாட்டில் சட்டத்தின் குடை இன்னும் சிறியது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் 2006, குறு, சிறு நிறுவனங்களுக்கான பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது. தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் இந்தப் பாதுகாப்பு உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான். 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரிகளையும் இந்த வட்டத்துக்குள் கொண்டுவந்தபோது, முன்னுரிமைக் கடன் பெறுவதற்கு மட்டும் என்று வரையறுத்துவிட்டார்கள். பருப்பை வாங்கி விற்கும் மண்டிக்காரருக்கு 45 நாள் சட்டம் துணைக்கு வராது. அவர் வாடிக்கையாளரின் பழக்கத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

சட்டம் உறவைக் குறைத்துவிட்டது என்பதைவிட, ஜி.எஸ்.டி. அதை இன்னும் இறுக்கியிருக்கிறது என்பேன். 2022 ஜனவரி முதல், விற்றவர் தன் பில்லைக் கணக்குத் தாக்கலில் காட்டி, அது வாங்கியவரின் பட்டியலில் தெரிந்தால்தான் வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்கும். ஐந்து ரூபாய் மலிவாகத் தரும் வியாபாரி தாக்கலில் சோம்பேறியாக இருந்தால், வாங்கியவர் ஏற்கெனவே கொடுத்த வரி கைக்கு வராமல் நிற்கும். எதிர்ப்பக்கமும் உண்டு: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த வரி வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். இணக்க வரித் திட்டத்தில் (காம்போசிஷன்) இருக்கும் சின்னக் கடைக்காரருக்கு வரி வரவே கிடையாது என்பதால் இந்தக் கவலை இல்லை. மற்றவர்களுக்கு, சப்ளையரின் ஒழுங்கும் தன் லாபத்தின் ஒரு பகுதி ஆகிவிட்டது. நாணயத்தை மண்டிக்காரர் மட்டும் சோதித்த காலம் போய், கடைக்காரரும் அவரைச் சோதிக்க வேண்டிய காலம் வந்திருக்கிறது.

தேதி தவறாமை என்றால் இயந்திரம் போல ஒரு நாளும் பிசகாமல் கட்டுவது என்று எடுத்துக்கொண்டால், எந்தக் கடையாலும் முடியாது. ஆடி மாதம் மந்தமாகும், மழை வரும், வீட்டில் மருத்துவச் செலவு வரும். தேதி வருவதற்கு முன்பே, 'இந்த வாரம் பாதிதான் முடியும், மீதி அடுத்த செவ்வாய்' என்று சொல்லிவிட்டால் அது தவறிய தேதி ஆகாது, மாற்றிய தேதி. மண்டிக்காரருக்கும் மேலே கட்ட வேண்டிய கடன் இருக்கிறது. முன்கூட்டித் தெரிந்தால் அவர் வேறு ஏற்பாடு செய்துகொள்வார். போனை எடுக்காமல் இருப்பதுதான் அவரை உண்மையில் கெடுக்கும். 'பில்லுக்குப் பில்' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. புதுச் சரக்கு இறங்கும்போது முந்தைய பில்லைத் தீர்ப்பது. தேதியை நினைவில் வைக்க வேண்டிய தொல்லை இல்லாததால் சிறு கடைகளுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. மாதம் ஒருமுறை இரு பக்கப் பாக்கியையும் ஒத்துப் பார்த்துக்கொள்வதும் முக்கியம். உறவு முறிவதற்குப் பெரிய துரோகங்கள் தேவையில்லை. ஆறு மாதத்துக்கு முந்தைய ஒரு திருப்பி அனுப்பிய டின் கணக்கில் ஏறியதா இல்லையா என்ற சந்தேகமே போதும். எடைக் குறைவையும் உடைசலையும் சரக்கு இறங்கும்போதே ஆள் முன்னால் சொல்ல வேண்டும். பணம் கேட்டு வரும் நாளில் சொன்னால் அது உண்மையாகவே இருந்தாலும் சாக்காகத்தான் கேட்கும். இல்லாத ஒரு ரேட்டை 'அடுத்த கடையில் தருகிறார்கள்' என்று சொல்லி விலை குறைப்பவர்களும் இருக்கிறார்கள். மண்டிக்காரருக்கு அடுத்த கடை ரேட் காலை எட்டு மணிக்கே தெரியும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் கனமானது ஒன்று. விசுவாசமான வாடிக்கையாளரைத்தான் வியாபாரி முதலில் சுரண்டுவார். இவர் எங்கும் போகமாட்டார் என்று தெரிந்தபின் ரேட் மெல்ல ஏறும். உண்மைதான். ஜான் மெக்மில்லனும் கிறிஸ்டோபர் உட்ரஃபும் வியட்நாமின் தனியார் நிறுவனங்களைப் பற்றி 1999இல் வெளியிட்ட ஆய்வில், நீதிமன்றத்தை நம்ப முடியாத சூழலில் யாருக்கு அதிகக் கடன் கிடைக்கிறது என்று பார்த்தார்கள். பழகிய காலம் கூடக் கூடக் கடன் கூடியது. அத்தோடு, வேறு சப்ளையரை எளிதில் தேட முடியாதவருக்கும் கடன் அதிகம் கிடைத்தது. கடன் கொடுப்பவருக்கு வாடிக்கையாளரைக் கட்டிவைப்பதில் ஓர் ஆதாயம் இருக்கிறது என்றே இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். இதற்கு மருந்து உறவைக் கைவிடுவது இல்லை. முக்கியமான ஒவ்வொரு சரக்குக்கும் இரண்டாவது ஆள் ஒருவரிடம் சிறிய அளவிலாவது விடாமல் வாங்கிக்கொண்டிருப்பது. அவரிடமும் ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும், அங்கேயும் தேதி தவறக்கூடாது. விருதுநகர் மார்க்கெட் நிலவரம் வாரந்தோறும் நாளிதழ்களில் வருகிறது. அதை வைத்துத் தன் கொள்முதல் விலை சந்தையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா, ஏறும்போது மட்டும் சேர்ந்து ஏறுகிறதா என்று பார்க்கலாம். சோதித்துப் பார்ப்பது அவநம்பிக்கை ஆகாது. முதன்மை வியாபாரிக்கும் இது தெரிந்திருப்பது நல்லதுதான்.

விலகும் வழி அடைபட்டால் இதே உறவு என்ன ஆகும் என்பதை மண்டியின் மறுபக்கத்தில் பார்க்கலாம். கமிஷன் மண்டிக்காரரிடம் விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் வாங்கிய விவசாயி, விளைச்சலை அங்கேயே போட வேண்டும் என்ற கட்டாயத்துக்கு ஆளாகிறார். விலையும் கழிவும் எடையும் மண்டிக்காரர் சொன்னபடி. தலைமுறை கடந்த உறவு என்று இதையும் பெருமையாகப் பேசலாம். பேசுவது யார் என்பதைப் பொறுத்தது. கடைக்காரருக்குக் கிடைக்கும் 21 நாள் கடனும் விவசாயியின் முன்பணமும் பெயரளவில் ஒன்றுதான். முந்தையவர் பாக்கியை அடைத்துவிட்டு அடுத்த வாரமே வேறு கடைக்குப் போக முடியும். அடுத்த அறுவடை வரை பாக்கியை அடைக்க முடியாதவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அதனால்தான் கடன் வரம்பை மண்டிக்காரர் தாராளமாக உயர்த்தித் தரும்போது கடைக்காரர் கொஞ்சம் தயங்குவது நல்லது என்கிறேன். மூன்று வார விற்பனைப் பணத்தால் தீராத பாக்கி, எவ்வளவு அன்பாகத் தரப்பட்டாலும், கட்டிப்போடும்.

இன்னோர் எதிர்ப்பு சமூகம் சார்ந்தது, அதை எளிதாக ஒதுக்க முடியாது. தமிழ்நாட்டு வணிகத்தில் நம்பிக்கை என்பது பெரும்பாலும் சாதிக்குள், உறவுக்குள் சுற்றிவந்தது. விருதுநகர் நாடார் வணிகர்கள் வியாபாரத்திலிருந்து மகமை என்ற பொதுப் பங்கை எடுத்து, உறவின்முறை என்ற சமூக அமைப்பின் வழியாகப் பள்ளிக்கூடங்கள் கட்டினார்கள்; 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி பிறந்தது, அதுவே பிற்பாடு தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. ஒதுக்கப்பட்ட ஒரு சமூகம் தன் காலில் எழுந்து நின்ற வரலாறு அது. ஆனால் எந்த வலைக்கும் வெளியே நிற்பவர்கள் இருப்பார்கள். ஊரில் ஆள் தெரியாதவருக்கும் சாதிப் பின்னணி இல்லாதவருக்கும் தனியாகக் கடை வைக்கும் பெண்ணுக்கும் 'யார் சொல்லி வந்தீங்க?' என்ற முதல் கேள்வியே சுவராகிவிடுகிறது. தேதி தவறாமல் கட்டினால் போதும் என்பது இவர்களுக்கு அரை உண்மை. கட்டிக் காட்டுவதற்கு முதல் கடன் கிடைக்க வேண்டுமே. ஒழுங்கான ஜி.எஸ்.டி. தாக்கலும் வங்கிக் கணக்கில் தெரியும் வரவு செலவும் சிபாரிசின் இடத்தைக் கொஞ்சம் பிடிக்கத் தொடங்கியிருக்கின்றன என்று மட்டும் சொல்லலாம், முழுதாகப் பிடித்துவிட்டன என்று சொல்ல முடியாது.

செயலி வந்துவிட்டது, பெரிய மொத்த விற்பனைக் கூடங்கள் வந்துவிட்டன, இனி மண்டிக்காரர் எதற்கு என்பவர்களுக்கு நீளமாகப் பதில் தேவையில்லை. 2021 இறுதியில், பெரிய நுகர்பொருள் நிறுவனங்கள் செயலி வழி மொத்த வியாபாரிகளுக்கு, விநியோகஸ்தர்களுக்குத் தருவதைவிடக் குறைந்த விலையில் சரக்குக் கொடுப்பதாக விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு போர்க்கொடி தூக்கியது. விலை வேறுபாடு உண்மையாக இருக்கும் இடத்தில் கடைக்காரர் அங்கே பிஸ்கட்டும் ஷாம்பூவும் வாங்குவதில் தப்பில்லை; உறை போட்ட பொருளில் தரச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கூடங்களும் கை மாறுகின்றன. 2003இல் இந்தியாவில் கடை திறந்த மெட்ரோ கேஷ் அண்ட் கேரியை ரிலையன்ஸ் 2,850 கோடி ரூபாய்க்கு வாங்கப்போவதாக 2022 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. உரிமையாளர் மாறினால் விதிமுறையும் மாறலாம். பருப்பு, அரிசி, வத்தல், காய்கறி போன்ற கண்ணால் பார்த்து வாங்கும் சரக்குக்குத் திரையில் வரும் படம் போதாது.

புதிதாகக் கடை வைப்பவர் எங்கே தொடங்குவது? முதல் இரண்டு மூன்று மாதம் ரொக்கத்தில், ஒரே ஆளிடம், ஒரே கிழமையில் எடுப்பது நல்லது. வாங்கும் அளவு சின்னதாக இருந்தாலும் ஒழுங்காக இருந்தால் மண்டியின் வாரக் கணக்கில் அது ஓர் இடத்தைப் பிடித்துவிடும். அதன்பின் கேட்கும் முதல் கடன், தேவையைவிடக் குறைவாக இருக்கட்டும்; ஒரு வாரம், ஒரு பில். அதைக் கெடுவுக்கு முந்தின நாளே கட்டிவிட்டு, அடுத்த பில்லுக்குப் பத்து நாள் கேட்கலாம். இரண்டாவது வியாபாரியைத் தேடுவதும் இந்தக் கட்டத்திலேயே தொடங்க வேண்டியது, முதலாமவரோடு மனத்தாங்கல் வந்த பிறகு இல்லை. மண்டிக்காரர் எதையும் பாராட்டிச் சொல்லமாட்டார். போனில் ஆர்டர் சொன்னால், 'பணம் எப்ப வரும்?' என்று கேட்காமல், 'எத்தனை மூட்டை?' என்று மட்டும் கேட்டு வைத்துவிடுவார்.